மாமன் சீராகக் கொடுத்த வீடு

வேலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே ஒருவரும் நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ பொய் சொல்வாய். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்கப் போகிறார்கள். உன் தங்கச்சி மேகலாவுக்கு நீ எழுதிக்கொடுத்த வீடு நிஜமாகவே சீராகக் கொடுத்ததா, இல்லை கடன் கொடுத்தவன் கையில் சிக்காமல் இருக்க அவள் பெயரில் ஒளித்து வைத்ததா என்பதுதான் கேள்வி. பதில் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வாரம் நீ யாருடைய நம்பரிலிருந்தோ சுமதியைக் கூப்பிட்டாய். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வக்கீல் சொல்றத அப்டியே சொல்லச் சொல்லு அம்மாவ, அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் அவள் பக்கத்தில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கொடு என்று நீ சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். மறக்கிற பிறவி நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஓசூரில் உன்னோடு தங்கியிருக்கும் டிரைவர் சங்கரின் அம்மா நாளைக்கு மகனைப் பார்க்கப் போகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லலாம் என்றால், இதில் எழுதப்போகிற எதையும் இன்னொருவரிடம் வாய் விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைக்காதே.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் கடன் வாங்கியதால் வந்தது இல்லை. முதல் வேன் வாங்கி, கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கினாய். பிறகு இரண்டாவது, மூன்றாவது. வாலாஜாபாத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் உன் வேனில் ஆட்கள் வந்து ஒரகடத்தில் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கம்பெனியில் ஒரு மாடல் கார் செய்வதை நிறுத்தினார்கள், ஷிப்ட் ஒன்று குறைந்தது, மிச்சம் இருந்த ட்ரிப்பையும் பெரிய டிராவல்ஸ்காரன் ஒருவனே மொத்தமாக எடுத்துக்கொண்டான். வேனை வீட்டு வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனான் பைனான்ஸ்காரன். அதுவரைக்கும் நடந்ததற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. தொழிலில் விழுகிறவர்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விழுந்தபோது யார் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் கடன் கேட்டுப் போனால், பெர்மனென்ட் ஆள் யாராவது ஜாமீன் போடுவார்களா என்றுதான் பைனான்ஸ்காரன் முதலில் கேட்கிறான். காண்ட்ராக்டில் வேலை செய்கிற பையன்கள் தெருத்தெருவாக இருந்தாலும் அவர்கள் கையெழுத்து ஒன்றுக்கும் ஆகாது. நிரந்தர வேலைக்காரன் சம்பளச் சீட்டுதான் செல்லும். நமக்குத் தெரிந்து அப்படி இருந்தவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ட்ரெய்னியாக வந்து, நம் பின்கட்டு ரூமில் நாலு பையன்களோடு பாய் போட்டுப் படுத்தவன். என் சோற்றைத் தின்று நைட் ஷிப்ட் போனவன். எத்தனையோ வருஷம் காத்திருந்து பெர்மனென்ட் ஆர்டர் கையில் வந்த அன்றைக்கு, ஊருக்குப் போன் போடுவதற்கு முன்னால் என் காலில் வந்து விழுந்தான். நீ ஜாமீன் பேப்பரைக் கொண்டுவந்தபோது அவன் நம் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தான். இடது கையால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். "இன்னா ஏதுன்னு படிச்சிப் பாத்தியாடா?" என்று நான் கேட்டேன். "அண்ணன் படிச்சிருப்பாவல்லா யம்மா, பொறவு நான் எதுக்கு?" என்றான். நீ சிரித்தாய். இன்னொரு இட்லி போடும்மா அவனுக்கு என்றாய். நானும் போட்டேன்.

அப்புறம் மேகலா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. படப்பையில் மண்டபம் பிடித்து, ஊர் முழுக்க பிளெக்ஸ் கட்டினார்கள். தாய்மாமன் சீர் எடுக்க வேண்டும், நம்மிடம் என்ன இருக்கிறது, ஒரு பட்டுப்பாவாடையும் அரை சவரனும் போதும் என்று நான் சொன்னேன். "நீ பேசாம கெட, நான் பாத்துக்கறேன்" என்றாய். கோயிலிலிருந்து மேளத்தோடு சீர்த்தட்டு கிளம்பியபோதுதான் நான் பார்த்தேன். பழத்தட்டுக்குப் பின்னால் நம் வீட்டு பிரிட்ஜ், அதன் பின்னால் நம் வாஷிங் மெஷின், நம் டிவி, நீயும் சுமதியும் படுக்கிற கட்டில். எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றியிருந்தாய். ஒரு தட்டில் சுமதியின் நகை. ஒரு தட்டில் கார் சாவி. கடைசித் தட்டில் வெற்றிலை பாக்குக்கு நடுவில் வீட்டுப் பத்திரம். அண்ணன் தங்கைக்கு எழுதினால் செலவு குறைவு என்று பத்திரம் எழுதுகிறவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தானாம். சபையில் வைத்துக் கொடுத்தால், கடன்காரன் நாளைக்குக் கேட்டாலும் ஊரே சாட்சி என்றும் அவன்தான் சொன்னானாம்.

மேடையில் உன் முழங்கையைப் பிடித்து இழுத்து நான் கேட்டேன். "இன்னாடா கூத்து இது? வூட்டையே தூக்கினு வந்துகீற?"

"சும்மா இரும்மா. நாலு பேரு பாக்கணும்னுதான். எல்லாம் நம்ம மேகலா கிட்டதானே கீது."

மைக் பிடித்தவன் ஒவ்வொன்றாகக் கத்தினான். தாய்மாமன் வேலு அவர்கள் சார்பாக இரட்டைக் கதவு பிரிட்ஜ், தாய்மாமன் வேலு அவர்கள் சார்பாக வடக்குப்பட்டில் மாடி வீடும் நாலு வாடகை ரூமும் என்று அவன் கத்தக் கத்த ஜனங்கள் கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "மாமன்னா இவன் மாமன். எங்கண்ணன் ஒரு குக்கரோட முட்ச்சிக்கினான், அதுக்கும் விசில் இல்ல" என்றாள். பேத்தி அத்தனை நகையோடு நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தவள் என்னைக் குனியச் சொல்லி, "ஆயா, இது மாமா வூட்டு பிரிட்ஜுதானே, நான் ஒட்ன ஸ்டிக்கர் கீதே" என்றாள். சுமதி தாலிக்கயிற்றில் மஞ்சள் கிழங்கோடு ஓரமாக நின்று அழுதாள். நாத்தனார் பெண் மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வீடியோக்காரன் அவள் முகத்தைக் கிட்டப்போய் எடுத்தான். அந்த வீடியோக்காரனையும் நான் மன்னிக்கவில்லை.

வேலு, இதை நீ எங்கிருந்து கற்றாய் என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உன் அப்பா சொசைட்டியில் மோட்டார் லோன் வாங்கினார். கிணறு வற்றிப்போய் லோன் நின்றது. ஜப்திக்கு வருவார்கள் என்று பயந்து, கிணற்று மேட்டு நிலம் இரண்டு ஏக்கரையும் உன் பெரியப்பாவுக்கு விற்றதுபோல எழுதி வைத்தார். பணம் ஒன்றும் கை மாறவில்லை. எல்லாம் அடங்கியதும் திருப்பி எழுதிக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். அடங்குவதற்குள் கம்பெனி வரப்போகிறது என்று அரசாங்கம் நிலம் எடுத்தது. பட்டாவில் யார் பெயர் இருந்ததோ அவர் கைக்குப் பணம் போனது. உன் அப்பா போய்க் கேட்டபோது, "தம்பி, நீ எனக்கு வித்துட்ட. பத்திரம் கீது, பாக்கறியா?" என்றார் உன் பெரியப்பா. சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னாராம். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அதற்காக அவரோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று அவருக்குத்தான் தெரியும். அன்றையிலிருந்து அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது இல்லை. உன் பெரியப்பா செத்தபோது இங்கேயே தலை முழுகினேனே தவிர போகவில்லை. உன் பெரியம்மா இன்னும் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அவள் காதில் மின்னுகிற தோடு நம் கிணற்று மேடு.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நீ என்ன புரிந்துகொண்டாய்? அண்ணன் பெயரில் எழுதினால் ஏமாற்றுவான், தங்கச்சி பெயரில் எழுதினால் ஏமாற்ற மாட்டாள் என்று புரிந்துகொண்டாய். நான் சொன்னது அது இல்லையே. எப்போது கேட்டாலும் பெரியப்பாவைத் திட்டித்தான் சொல்லியிருக்கிறேன், அது வாஸ்தவம். திட்டுகிற வேகத்தில் மற்றது உன் காதில் விழாமல் போயிருக்கும்.

மேகலா உன்னை ஏமாற்ற நினைத்து ஆரம்பித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் மாதம் வாடகை வந்ததை அப்படியே சுமதி கையில் கொடுத்தாள். இரண்டாவது மாதம் மாப்பிள்ளை தனசேகரே வந்து ரூம்களில் வாடகை வாங்கினார். அப்புறம் நம் மாடிக்கும் வாடகை போட்டார். சுமதி பேக்கிங் வேலைக்குப் போய் வாங்குகிற சம்பளத்தில், தன் வீட்டில் தான் இருப்பதற்கு அவருக்கு வாடகை கொடுக்கிறாள். தனசேகரை இனி 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நேரில் போய்க் கேட்டேன். வீட்டை எப்போது திருப்பி எழுதப் போகிறீர்கள் மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அத்தே, சபையில குட்த்தத திருப்பிக் கேக்கறது எங்க வழக்கத்துல இல்ல. மைக்ல சொன்னீங்க. வீடியோல கீது. இப்போ நான் திருப்பிக் குட்த்தா எம்பொண்ணுக்கு மாமன் சீரே செய்லன்னு ஆயிடும், நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி வாணாமா?" என்றான். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் பார். நிச்சயதார்த்தத்தில் அவன் அம்மா எனக்கு ஆறிப்போன காபி கொடுத்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மேகலா உள்ளே இருந்து வந்தாள். "யம்மா, அப்பா செத்தப்ப மனைய அண்ணன் பேருக்கு வுட்டுக்குடுன்னு சொன்ன, நான் ஒரு வார்த்த பேசாம கையெழுத்து போட்டேன். அதுல எனக்குப் பங்கு இல்லியா? அத எப்பனா யாருனா கேட்டீங்களா?" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டுபோய் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுத்தோம், அவ்வளவுதான். அந்த நியாயத்தை அவள் கேட்கட்டும், நானும் அவள் பக்கம் நின்று சொல்கிறேன். ஆனால் அது அண்ணன் தங்கை வழக்கு. அதைக் கொண்டுபோய் இசக்கிமுத்து தலையில் எப்படி வைப்பது?

அவனுக்கு என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது என்றுதான் நான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தும் நீ ஓசூரில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பைனான்ஸ்காரன் இரண்டு கையாலும் பிடிக்கிறான். ஒரு கை இசக்கிமுத்து சம்பளத்தின் மேல். கோர்ட் உத்தரவு கம்பெனிக்கே போய், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். இன்னொரு கை நீ எழுதிய பத்திரத்தின் மேல். அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானால், வீட்டை விற்றுக் கடனைக் கழிப்பார்கள், அவன் விடுபடுவான். செல்லும் என்று தீர்ப்பானால், உன் கடன் முழுக்க அவன் ரிட்டயர் ஆகிறவரை அவன் சம்பளத்திலிருந்து போகும். இடையில் நிற்பது என் வாய் ஒன்றுதான்.

அவன் பெண்டாட்டி முத்துலட்சுமி வந்தாள். அவள் இந்த ஊருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது, மூக்குத்தியைக் கழற்றத் தெரியாமல் அழுதவள். நான்தான் கழற்றிவிட்டேன். இப்போது அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள், உள்ளே வா என்றால் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. உன் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டு வந்ததற்கு உன் அப்பாவோடு பேசாமல் இருந்தவள் அல்லவா நான், அது என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஊர்ல வீட்டு வேல பாதில நிக்கி. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட முடியல. அவிய ராத்திரி பகலா ஓ.டி. பாக்காவ, அதுலயும் பிடிக்கான். உங்களத் திட்டணும்னு தான் வந்தேன், உங்க மொகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்குது" என்றாள். பிறகு, "நீங்க சோறு போட்டீயன்னுதான் அவிய கையெழுத்துப் போட்டாவ. அந்தச் சோத்துக்கு வெல எம்புட்டுன்னு சொல்லிருங்கம்மா. கழிச்சுக்கிடுதோம்" என்றாள்.

என்னை என் மாமியார் அடித்திருக்கிறாள். உன் அப்பா குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை எறிந்திருக்கிறார். அதெல்லாம் எனக்குத் தேதி கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. ஆனால் யாரும் என் சோற்றுக்கு விலை கேட்டதில்லை. அவள் எழுந்து போனாள். அவள் வைத்துவிட்டுப்போன சொம்பை எடுக்கக் கை வராமல் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே கிடந்தது. சுமதி வேலை விட்டு வந்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனசேகர் தன் காரில், அதாவது உன் காரில், என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனான். வக்கீல் வந்திருந்தார். சோபாவில் உட்கார வைத்து, பாதாம் பால் கொடுத்து, எனக்குப் பாடம் நடத்தினார்கள். "பாட்டிம்மா, நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு கல்யாணத்தப்பவே, இந்த வீடு தங்கச்சிக்குத்தான்னு உங்க பையன் சபையில வாக்கு குடுத்தார். அந்த வாக்கத்தான் இப்ப நிறைவேத்தினார். கடனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவுதான்" என்றார் வக்கீல்.

"அவ கல்யாணத்தப்ப அங்க ஏது சார் வூடு? ஷீட்டுக் கொட்டாயி. மேல சிமெண்டு ஷீட்டு ஒண்ணு ஒடஞ்சி மழ ஒயுகிக்கினு இருந்திச்சி."

"சரி, வீடுன்னு சொல்லாதீங்க. மனைன்னு சொல்லுங்க."

"வேலு அன்னிக்கி சபையிலயே இல்ல சார். பந்தியில சாம்பார் பத்லன்னு படப்பைக்கு பருப்பு வாங்கப் போயிருந்தான். அவன் வரதுக்குள்ள தாலி கட்டியாச்சி. அதுக்கு மாப்ள வூட்டுக்காரங்க பேசுன பேச்சு கீதே, அதையும் சொல்லட்டா?"

வக்கீல் தனசேகரைப் பார்த்தார். தனசேகர் சிரித்தான். "இதான் சார் நான் சொன்னது. எங்க அத்தைக்கு ஊர்ல யார் கல்யாணத்துல யாரு எவ்ளோ மொய் வெச்சாங்கன்னு மொதக்கொண்டு தெரியும். ஊரே இவங்களக் கேட்டுத்தான் திருப்பி மொய் வெக்கும். இவங்க சொன்னா ஜட்ஜு நம்பாம இன்னா பண்ணுவாரு?" என்றான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர்களுக்கு வேண்டியது ஒரு கிழவி இல்லை. வேறு எந்தக் கிழவியையும் பிடித்துக் கூண்டில் ஏற்றலாம். நான் எதையும் மறக்க மாட்டேன் என்று ஊரில் எனக்கு இருக்கிற பெயர்தான் வேண்டும். இத்தனை வருஷம் ஒவ்வொருவர் செய்ததையும் சொன்னதையும் அப்படியே வைத்திருந்தேன். சண்டைக்காரி என்றார்கள், வன்மம் பிடித்தவள் என்றார்கள். ஆனால் பொய் சொல்கிறாள் என்று என் எதிரி கூடச் சொன்னதில்லை, உன் பெரியம்மா உட்பட. எனக்கென்று நகை இல்லை, நிலம் இல்லை, என் பெயரில் ஒரு மின்சார பில் கூட இல்லை. அது ஒன்றுதான் என்னுடையது. அதையும் எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்து தனசேகர் வீட்டுத் தட்டில் வைக்கச் சொல்கிறாய்.

நான் பாதாம் பாலைக் குடிக்காமல் எழுந்தேன். நடக்காததை நடந்ததாகச் சொல்ல எனக்கு வராது என்றேன். மேகலா பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடி வந்தாள். "நீ மட்டும் அங்க போயி மாத்திச் சொன்ன, அப்புறம் எனக்கு அம்மா இல்ல. நான் செத்தாலும் நீ வராத" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் சின்னப் பிள்ளையில் கோபம் வந்தால் பாவாடை நுனியைக் கடிப்பாள். இப்போது துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேத்தி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டலாமா கூடாதா என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை.

நான் சொல்லப்போவதால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. வீடு போகும். சுமதியும் பிள்ளைகளும் நானும் தெருவுக்கு வருவோம். சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப மட்டும் நம்ம வூட்லயா அத்தே கீறோம்?" என்றாள். பிறகு சேரப்பணஞ்சேரியில் அவள் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி ஒற்றை ரூம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு முன்னாலேயே அவள் முடிவு செய்துவிட்டாள் வேலு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தக் குட்டியானையில் ஏற்றியிருந்தால், இத்தனையும் நடந்திருக்காது. இனிமேலாவது எந்தப் பேப்பரில் கை வைப்பதற்கு முன்னாலும் அவளைக் கேள். நான் உனக்குச் சொல்கிற புத்திமதி என்று வேறு பெரியதாக ஒன்றும் இல்லை. இன்னொன்று: உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஊரை விட்டுப் போனாய். முகத்தைப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாய். கடன்காரனுக்குப் பயந்து ஓடினாய் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நீ இசக்கிமுத்துக்குப் பயந்துதான் ஓடினாய், எனக்குத் தெரியும்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் சுமதி எடுக்க மாட்டேன் என்கிறாள். கடன்காரன் என்று நினைத்துப் பயப்படவில்லை. வேறு என்ன செய்தி வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். நானும்தான். போன் அடித்து ஓய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்படி ஏதாவது உன் மனதில் இருந்தால், கேட்டுக்கொள். வீடு போனால் நான் பொறுத்துக்கொள்வேன். மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டால் பொறுத்துக்கொள்வேன். அந்த ஒன்றை மட்டும் நீ செய்தால், உன் பெரியப்பாவை வைத்த இடத்தில் உன்னையும் வைப்பேன். செத்தவன் என்று பார்க்க மாட்டேன். பெற்றவள் சொல்கிற பேச்சா இது என்று நினைக்காதே. வேறு எதைச் சொன்னால் நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று நானே இசக்கிமுத்து குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். சோற்றுக் கணக்கை உன் பெண்டாட்டி கேட்டாளே, அதற்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான் என்றேன். முத்துலட்சுமி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. ஆனால் டீ போட்டு மகள் கையில் கொடுத்தனுப்பினாள். நான் குடித்தேன். இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பிள்ளைகள எதுத்தா பேசப் போறீய யம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அண்ணன் எப்படி இருக்காவ?" என்று கேட்டான். அவனுக்கு அது எதற்கு? சொல், அவனுக்கு எதற்கு அது? கேட்டானே.

தனசேகர் கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான், இனி அனுப்ப மாட்டான். சுமதிக்கு லீவு போட்டால் சம்பளம் போகும். கோர்ட்டுக்கு எந்த பஸ் போகும், எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இசக்கிமுத்துதான் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து, தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். எதிர்க்கட்சிக்காரனோடு சாட்சி வந்து இறங்கினால் வக்கீல் என்ன சொல்வாரோ, சொல்லட்டும். அவன் பின்னால் உட்கார்ந்து ஒரகடம் ரோட்டில் போகும்போது ஊர் பார்க்கும். பார்க்கட்டும். நீ புதன்கிழமை காலையில் வந்துவிட்டால், உன் கூடவே வருகிறேன். நீயே கூண்டில் ஏறி உன் வாயால் சொல்லிவிடு, நான் பேச வேண்டியதே இல்லை. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் வந்தா வண்டிய அவிய எடுத்துக்கிடட்டும் யம்மா, நான் பஸ்ல வந்துக்கிடுதேன்" என்றான்.